எட்டு நொடியில் ஓர் இருக்கை

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் ஏலக்காய்க்கு விலை வைப்பதற்கு முன் வியாபாரி மாதிரியைக் கையில் கொட்டிப் பார்ப்பார். பச்சை மங்கியிருக்கிறதா, காய் 8 மில்லிமீட்டர் தேறுமா என்று கண்ணாலேயே அளப்பார். பிறகு ஒன்றைப் பிய்த்து, உள்ளே அரிசி கறுத்து முற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோவார். ஏற்றுமதிச் சரக்கென்றால் இதோடு விடாது; பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு என்று ஆய்வகமும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பிரசாதத்தில் சேர்த்த ஏலக்காயில் 14 வகைப் பூச்சிமருந்துகளின் எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாக ஆய்வறிக்கை வந்ததும், கேரள உயர் நீதிமன்றம் விற்பனையையே நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. உச்ச நீதிமன்றம் பின்னால் அந்த உத்தரவை ரத்து செய்தது வேறு கதை. பிரசாதமே ஆனாலும் பரிசோதனைக்குத் தப்பவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

காய்க்கு இத்தனை கெடுபிடி. அந்தக் காய் விளையும் மலைக்கு அடிவாரத்தில் இருக்கும் தேவாரத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் கிளம்பி, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி தாண்டி மதுரை விமான நிலையத்தில் துபாய்க்கோ கொழும்புக்கோ சென்னைக்கோ விமானம் ஏறுகிற மனிதர் உட்காரப்போகும் இருக்கையை யார் சோதித்தார்கள்? அதற்கு முன் அதில் உட்கார்ந்தவரின் குழந்தை வாந்தி எடுத்ததா, அந்த மடக்கு மேசையில் யாராவது குழந்தைக்கு டயப்பர் மாற்றினார்களா, எதிரே இருக்கும் பையில் என்ன திணித்துவிட்டுப் போனார்கள்? தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கடைசியாக எப்போது துடைத்தார்கள் என்று எழுதி ஒட்டிய காகிதம் பேருந்து நிலையக் கழிப்பறைக் கதவில்கூடச் சில ஊர்களில் தொங்குகிறது. விமானத்துக்குள் அப்படி எதுவும் பயணியின் கண்ணில் படுவதில்லை.

2024-ல் இந்தியாவின் உள்நாட்டு விமானங்களில் மட்டும் 16 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள் நடந்தன. விமானம் பணக்காரர்களின் வாகனமாக இருந்த காலம் மலையேறிவிட்டது. மலைச்சரக்கு வியாபாரி போகிறார், கட்டட வேலைக்குப் போகிறவர் போகிறார், மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மா போகிறார். ஏறுகிறவர் தொகை பெருகிய வேகத்துக்கு, உள்ளே பெருக்கித் துடைக்கும் ஏற்பாடு வளர்ந்ததா என்பதுதான் கேள்வி.

இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு சம்பவத்தைச் சொல்லி வாயடைப்பார்கள். 2025 மார்ச் 5-ஆம் தேதி சிகாகோவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் போயிங் 777 விமானத்தில், புறப்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் கழிப்பறைகள் அடைக்கத் தொடங்கின. 12 கழிப்பறைகளில் 8 வேலை செய்யவில்லை. அட்லாண்டிக் வரை போன விமானம் திரும்பியது. பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் சுற்றிவிட்டுப் பயணிகள் புறப்பட்ட ஊரிலேயே இறங்கினார்கள். குழாயைத் திறந்து பார்த்ததில் பாலிதீன் பைகளும் கந்தல்களும் துணிகளும் சிக்கியிருந்ததாக நிறுவனம் அறிவித்தது. இதற்கு முன் வேறு விமானங்களில் போர்வை, உள்ளாடை, டயப்பர் எல்லாம் கிடைத்திருப்பதாகவும் அதே அறிக்கையில் சொன்னது. அவ்வளவுதான், சமூக ஊடகம் முழுக்க ஒரே தீர்ப்பு: நம் ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது.

பாதி நியாயம். போர்வையைக் கழிப்பறைக்குள் அமுக்கிய கைக்கு வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் மீதிப் பாதியையும் கேட்க வேண்டும். போர்வையும் டயப்பரும் அடிக்கடி உள்ளே போகின்றன என்று நிறுவனத்துக்கு முன்பே தெரியும். அதன் அறிக்கையே சாட்சி. தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? 14, 15 மணி நேரப் பயணத்தில் கைக்குழந்தையோடு வரும் தாய் ஏழெட்டு டயப்பராவது மாற்றுவாள். அதைப் போட அந்தக் குறுகிய கழிப்பறையில் இருப்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி. அதுவும் நாலாவது மணி நேரத்தில் நிரம்பி வழிகிறது. விமானக் கழிப்பறை நம் வீட்டுக் கழிப்பறைபோலத் தண்ணீரை ஊற்றித் தள்ளுவது கிடையாது. காற்றழுத்த வித்தியாசத்தால் உறிஞ்சி இழுப்பது, குழாய் ஒல்லி, தண்ணீர் ஒரு குவளைகூடச் செலவாகாது. ஒரு துணி வளைவில் சிக்கினால் அந்தக் குழாயோடு சேரும் மற்ற கழிப்பறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கும். இது முதன்முறை விமானம் ஏறுகிற அறுபது வயதுக்காரருக்கு எப்படித் தெரியும்? சீட் பெல்ட்டை மாட்டுவது எப்படி என்று ஒவ்வொரு முறையும் கையை ஆட்டிக் காட்டுகிறார்கள். கழிப்பறையில் எதைப் போடக்கூடாது என்று தமிழில் ஒரு வரி அறிவிப்பு செய்தால் என்ன குறைந்துவிடும்?

உண்மையான சிக்கல் கழிப்பறையில் ஆரம்பிப்பதில்லை, கடிகாரத்தில் ஆரம்பிக்கிறது.

குறைந்த கட்டண விமான நிறுவனங்களின் தொழில் ரகசியம் ஒன்றுதான்: விமானம் தரையில் நிற்கக்கூடாது. வந்த அரை மணி நேரத்தில் திரும்பப் பறக்க வேண்டும். 186 இருக்கை கொண்ட ஏர்பஸ் ஏ320 ஒன்று மதுரையில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மேலே இருக்கும் பெட்டியைத் தடுமாறி இறக்கி, வரிசையில் நின்று எல்லோரும் வெளியேறப் பத்து நிமிடம். புதிதாக ஏறுகிறவர்கள் பெட்டியை மேலே திணித்து உட்காரப் பதினான்கு, பதினைந்து நிமிடம். நடுவே மிஞ்சுவது ஐந்தாறு நிமிடம். பெரிய நிலையங்களில் துப்புரவுக் குழு ஏறுவதும் உண்டு. பல குறுகிய பயணங்களில் அந்த வேலையும் பணிப்பெண்கள் தலையில்தான் விடிகிறது. 50 இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில் நான்கு பேர். ஒருவருக்கு 46 இருக்கை. ஆறு நிமிடத்தில் 46 இருக்கை என்றால் இருக்கைக்கு எட்டு நொடிதான்.

அந்த எட்டு நொடியில் என்னென்ன நடக்க வேண்டும்? இருக்கைப் பட்டையைச் சிலுவைபோல மடித்து வைக்க வேண்டும். பைக்குள் கைவிட்டுக் குப்பையை எடுக்க வேண்டும். யாராவது எதையாவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று பாதுகாப்புக்காகப் பார்க்க வேண்டும். கீழே சிதறிய நிலக்கடலைத் தோலைப் பொறுக்க வேண்டும். மேசையைத் திறந்து துடைப்பதற்கு இதில் இடமே இல்லை. விமானம் தரையிறங்கும் முன்பே பணிப்பெண்கள் குப்பைப் பையோடு நடுவழியில் வருவதும், “குப்பை ஏதாவது இருக்கிறதா?” என்று சிரித்தபடி கேட்பதும் இதனால்தான். பயணி அதை உபசரிப்பு என்று நினைத்துக்கொள்கிறார். கீழே இறங்கியபின் செய்ய வேண்டிய வேலையில் பாதியை மேலேயே முடிக்கிறார்கள்.

பைக்குள் கைவிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இருட்டாக இருக்கும் அந்தப் பைதான் விமானத்துக்குள் மிக மோசமான இடம் என்று துப்புரவு வேலை பார்த்த யாரும் சொல்வார்கள். ஆரஞ்சுத் தோல், சளி துடைத்த காகிதம், பல்குத்தி, பாதி குடித்த ஜூஸ் டப்பா, சில சமயம் வாந்தி எடுத்து மடித்து வைத்த காகிதப் பை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் விரலை விட வேண்டும். அப்படியே அடுத்த பைக்கும், அதற்கடுத்த பைக்கும். கையுறை கிழிந்தால் மாற்ற நேரம் கிடையாது. இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் தரைச்சேவை நிறுவனங்களின் ஒப்பந்தக்காரர்கள் அமர்த்தும் ஆட்கள். சென்னையிலும் சரி, வளைகுடா நிலையங்களிலும் சரி, இரவு ஷிப்டில் விமானத்துக்குள் ஏறி இறங்கும் அந்தக் கூட்டத்தில் நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். பயணியாகப் போனவர் விட்ட குப்பையை வேலைக்குப் போனவர் எடுக்கிறார்.

சரி, அசுத்தம் என்றால் எவ்வளவு அசுத்தம்? இங்கே பயத்தைக் கிளப்புவது எளிது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

விமானத்துக்குள் இருக்கும் காற்று, பலர் நினைப்பதுபோல நாறிப்போனது அல்ல. நவீன விமானங்களில் கிட்டத்தட்டப் பாதி வெளிக்காற்றும், மீதிப் பாதி வடிகட்டிய உள்காற்றும் கலந்து வருகிறது. அந்த ஹெப்பா வடிகட்டிகள் மிக நுண்ணிய துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் 20 முதல் 30 முறை கேபின் காற்று மாறுகிறது. குளிரூட்டிய சினிமா அரங்கைவிட, ஜன்னல் அடைத்த ஆம்னி பேருந்தைவிட இது மேல். அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகக் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, காய்ச்சல்காரர் ஒருவரின் முன்வரிசையையும் பின்வரிசையையும், இருபக்கமும் இரண்டு இருக்கையையும் தாண்டி இருப்பவருக்குச் சளித்துளி வழியாக நேரடியாக நோய் தொற்றும் வாய்ப்பு குறைவு.

வம்பு கை படும் இடங்களில்தான். 2014-ல் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு விமான நிறுவனத்திடமிருந்து வாங்கிய உண்மையான பொருட்களில் கிருமிகளை வைத்துப் பார்த்தார்கள். மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி இருக்கைப் பையின் துணியில் ஏழு நாள் உயிரோடு இருந்தது. வயிற்றைக் கலக்கும் ஈ.கோலை வகை ஒன்று கைப்பிடியில் நான்கு நாள் தாக்குப்பிடித்தது. 2015-ல் டிராவல்மேத் என்ற பயண இணையதளம் ஒரு நுண்ணுயிரியலாளரை அனுப்பி எடுத்த மாதிரிகளில், மடக்கு மேசையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 2,155 பாக்டீரியா. கழிப்பறை பிளஷ் பொத்தானில் 265. எடுத்த மாதிரிகள் கொஞ்சம்தான், பாக்டீரியா எல்லாமே நோய் தராது, ஆகவே இதை வைத்து ஊரைக் கூட்ட வேண்டாம். ஆனால் கழிப்பறையைத் துடைக்கிறார்கள், சாப்பிடும் மேசையைத் துடைப்பதில்லை என்ற சேதி அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

எண்களைவிட வலுவான சாட்சி ஒன்று உண்டு. 2009 அக்டோபரில் போயிங் 777 விமானம் ஒன்றில் பயணி ஒருவர் வாந்தி எடுத்தார். அதன்பின் அடுத்தடுத்த நாட்களில் அதே விமானத்தில் வேலைக்கு வந்த பணிப்பெண்களும் பணியாளர்களும் வயிற்றுப்போக்கும் வாந்தியுமாகப் படுத்தார்கள். அந்தப் பயணியை அவர்களில் பலர் பார்த்ததுகூடக் கிடையாது. நோரோ வைரஸ் விமானத்திலேயே தங்கிவிட்டது. 2011-ல் மருத்துவ இதழில் இதைப் பதிவு செய்த ஆய்வாளர்கள், வாந்தி பட்ட விமானத்தை முறையாகக் கிருமிநீக்கம் செய்வது எவ்வளவு முக்கியம் என்று சுட்டிக்காட்டினார்கள். துண்டை நனைத்து ஒற்றி எடுத்தால் கறை போகும், கிருமி போகாது. பயணிகள் ஒருமுறை ஏறி இறங்கிவிடுகிறார்கள். பணியாளர்கள் அதற்குள்ளேயே வாழ்கிறார்கள். கேபின் சுத்தம் முதலில் அவர்களுடைய தொழிலாளர் உரிமை. இதைத் தொழிற்சங்கங்களே உரக்கப் பேசுவதில்லை.

இப்போது எலிக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் லாகூரிலிருந்து கொழும்புக்கு வந்த ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஏ330 விமானத்தில் எலி ஒன்று ஓடியது. ஏற்கெனவே கடனில் தள்ளாடிய நிறுவனம், விமானத்தை மூன்று நாள் நிறுத்தி வைத்தது. எலி செத்துக் கிடந்ததைக் கண்ட பிறகுதான் மறுபடி பறந்தது. 2015 டிசம்பர் கடைசியில் மும்பையிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம், எலியைப் பார்த்ததாகச் சொன்னதும் பாதிவழியில் மும்பைக்கே திரும்பிவிட்டது. ஒரு எலிக்காக இத்தனை செலவா என்று யாரும் கேட்கவில்லை. காரணம் எளிது: எலி ஒயரைக் கடித்தால் விமானம் விழலாம்.

கரப்பான்பூச்சி ஒயரைக் கடிக்காது. 2025 ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கொல்கத்தா வழியாக மும்பை வந்த ஏர் இந்தியா விமானத்தில் இரண்டு பயணிகள் கரப்பான்களால் அவதிப்பட்டார்கள். இடம் மாற்றிக் கொடுத்தார்கள், கொல்கத்தாவில் நின்றபோது தீவிரமாகச் சுத்தம் செய்ததாக அறிவித்தார்கள், வருத்தம் தெரிவித்தார்கள். விமானம் பயணத்தைத் தொடர்ந்தது. 2018 ஜூலையில் அமெரிக்காவிலிருந்து மும்பை வந்த அதே நிறுவனத்தின் விமானத்தில், உயர்வகுப்பில் மூட்டைப்பூச்சி கடித்த புகாரிலும் இதே வருத்தம்தான். விமானத்துக்கு ஆபத்தென்றால் விதி பாய்கிறது, மனிதனுக்கு அருவருப்பென்றால் “வருந்துகிறோம்” என்ற ஒற்றை வரி. இந்த வேறுபாட்டைத்தான் மாற்ற வேண்டும்.

2022 நவம்பர் 26-ஆம் தேதி ஏர் இந்தியாவின் நியூயார்க்–டெல்லி விமானத்தில் குடிபோதையில் இருந்த ஆண் பயணி, முதிய பெண் ஒருவர்மீது சிறுநீர் கழித்த சம்பவத்தை நாடே பேசியது. பேசாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. நனைந்த இருக்கையின்மேல் விரிப்பைப் போட்டு, மருந்தைத் தெளித்து, அதிலேயே தன்னைத் திரும்ப உட்காரச் சொன்னதாக அந்தப் பெண் தன் புகாரில் எழுதியிருந்தார். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2023 ஜனவரியில் நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது, விமானியின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது. அத்துமீறும் பயணியைக் கையாளும் விதிகளை மீறியதற்கு அந்தத் தண்டனை. ஈர இருக்கைக்கு என்று தனியாக எதுவும் இல்லை.

அத்துமீறும் பயணிக்கு 2017 முதல் மூன்று அடுக்குத் தடை இருக்கிறது: மூன்று மாதம், ஆறு மாதம், இரண்டு ஆண்டும் அதற்கு மேலும். விமானம் தாமதமானால், ரத்தானால், இடமில்லை என்று திருப்பி அனுப்பினால் என்ன தர வேண்டும் என்றும் டி.ஜி.சி.ஏ. எழுதி வைத்திருக்கிறது. இரண்டு மணி நேரத் தாமதத்துக்குச் சிற்றுண்டி உண்டு. கறைபடிந்த இருக்கைக்கு அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை. 1954-ஆம் ஆண்டின் இந்திய விமான (பொது சுகாதார) விதிகள் மஞ்சள் காய்ச்சல் காலத்து அக்கறைகளோடு எழுதியவை. தொற்றுநோய் நாட்டுக்குள் நுழையாமல் தடுப்பதே அவற்றின் நோக்கம். ஒவ்வொரு மாதமும் டி.ஜி.சி.ஏ. வெளியிடும் அறிக்கையில் எந்த நிறுவனம் எவ்வளவு நேரம் தவறாமல் பறந்தது, பயணிகள் எதற்காகப் புகார் செய்தார்கள் என்று விவரம் வரும். பெட்டி, பணம் திருப்பித் தருவது, ஊழியர் நடத்தை, சாப்பாடு என்று பிரித்திருப்பார்கள். கேபின் சுத்தத்துக்குத் தனிப் பிரிவு கிடையாது. ஆகவே எத்தனை பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு பறந்தார்கள் என்ற கணக்கும் கிடையாது.

கேபின் சுத்தத்தைச் சோதிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பார்கள். ஒத்துவரும் என்பதற்கு ஆகாயத்திலிருந்தே சான்று இருக்கிறது. டெல்லி விமான நிலையத்துக்கு அருகில் குடியிருந்த ஓய்வுபெற்ற ராணுவ உயரதிகாரி ஒருவர், மேலே போகும் விமானங்களிலிருந்து மலம் தன் வீட்டுச் சுவரில் விழுகிறது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2016 டிசம்பரில் தீர்ப்பாயம், இறங்கும் விமானங்களின் கழிவுத் தொட்டியைத் திடீர்ச் சோதனை செய்யவும், பறக்கும்போது கழிவைக் கொட்டியது தெரிந்தால் 50,000 ரூபாய் வசூலிக்கவும் உத்தரவிட்டது. (2018 ஜனவரியில் ஹரியானாவின் குருகிராம் அருகே ஒரு கிராமத்தில் வானத்திலிருந்து பெரிய பனிக்கட்டி விழுந்தது. விண்கல் என்று நினைத்துச் சிலர் குளிர்சாதனப் பெட்டியில் பத்திரப்படுத்தினார்கள். அது விமானக் கழிப்பறைக் கழிவு உறைந்த கட்டியாக இருக்கலாம் என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள்.) வெளியே விழும் அசுத்தத்துக்குச் சோதனையும் அபராதமும் இருக்கலாம் என்றால், உள்ளே இருக்கும் அசுத்தத்துக்கு ஏன் கூடாது?

கட்டணம் மலிவு, அதனால் சுத்தமும் மலிவு என்ற வாதம் அடுத்து வரும். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரு விமானம் நாளுக்கு ஆறேழு முறை பறக்கிறது. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் கூடினால் அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஒரு பயணமே குறையலாம். ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மதுரைக்கு டிக்கெட் போடுகிறவரிடம் மலிவு என்று சொல்லிப் பாருங்கள். ஜன்னல் இருக்கைக்குக் காசு, முன்வரிசைக்குக் காசு, கூடுதல் கிலோவுக்குக் காசு. துடைத்த மேசை இந்தப் பட்டியலில் சேர வேண்டிய கூடுதல் வசதி அல்ல, டிக்கெட்டுக்குள் அடங்கியது. நேரத்தைக் கூட்ட முடியாதென்றால் ஆளைக் கூட்டலாம். ஜப்பானில் புல்லட் ரயிலை டோக்கியோ நிலையத்தில் ஏழு நிமிடத்தில் சுத்தம் செய்கிறார்கள். அதற்கென்றே பயிற்சி பெற்ற நிரந்தரக் குழுக்கள் இருக்கின்றன. நம் ரயில்வேயும் 2023 அக்டோபர் 1 முதல் வந்தே பாரத் ரயில்களுக்கு 14 நிமிடச் சுத்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ரயிலில் கடிகாரம் வைத்துச் செய்ய முடிந்ததை விமானத்தில் முடியாது என்றால் நம்ப முடியவில்லை.

நம்ப முடியாததற்கு இன்னொரு காரணம் கரோனா. 2020 மே 25-ஆம் தேதி உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்று அரசு விதித்தது. நடு இருக்கைக்காரருக்கு மேலங்கி கொடுத்தார்கள். மருந்து தெளிக்கும் படத்தை நிறுவனங்கள் விளம்பரமாகவே போட்டன. விமானங்கள் நேரத்துக்குப் பறந்தன. பயம் போனது, துடைக்கும் துணியும் போய்விட்டது. முடியாது என்பதல்ல பிரச்சினை, கேட்பதற்கு ஆளில்லை என்பதே.

என்ன கேட்கலாம்? பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சுத்தப் பதிவேடு வேண்டும். கடைசியாக முழுச் சுத்தம் செய்த நாள், மேசைகளைத் துடைத்த நேரம், பார்த்தவர் கையெழுத்து. அதைக் கேட்கும் பயணிக்குப் பணியாளர் காட்ட வேண்டும். டி.ஜி.சி.ஏ. முன்னறிவிப்பு இல்லாமல் சில விமானங்களில் ஏறிப் பார்த்து, நேரம் தவறாமை எண்ணோடு இந்த மதிப்பெண்ணையும் மாதாமாதம் வெளியிட்டால் போதும். நிறுவனங்கள் தாமாகவே துணியை நனைக்கும். வாந்தியோ ரத்தமோ சிறுநீரோ பட்ட இருக்கையை முறையாகச் சுத்தம் செய்யும்வரை பூட்டிவைக்க வேண்டும் என்பதை நிறுவனத்தின் பெருந்தன்மைக்கு விடாமல் விதியாக்க வேண்டும். விமானம் நிரம்பியிருந்தாலும் அந்த இருக்கை காலியாகத்தான் பறக்க வேண்டும். துப்புரவு ஒப்பந்தத்தை விடும்போது எத்தனை விமானம் என்று மட்டும் எழுதாமல் ஒரு விமானத்துக்கு எத்தனை ஆள் என்றும் எழுத வேண்டும். கூலியைக் குறைத்துக் கேட்பவருக்கே வேலை என்ற வழக்கம் இருக்கும்வரை, பதிவேடு பொய்யாகத்தான் நிரம்பும்.

பதிவேட்டின் அருமை ஒரு வழக்கில் தெரிந்தது. 2025 ஜனவரி 2-ஆம் தேதி அஜர்பைஜானின் பாகு நகரிலிருந்து டெல்லிக்கு இண்டிகோவில் வந்த பெண் ஒருவர், தனக்குக் கறைபடிந்த அசுத்தமான இருக்கை தந்ததாக வழக்குப் போட்டார். வேறு இருக்கை கொடுத்தோம், அதில்தான் பயணம் செய்தார் என்றது நிறுவனம். டெல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையம் அதை ஏற்கவில்லை. பயணத்தின்போது நடந்ததைப் பதிவு செய்யும் உள் ஆவணத்தை நிறுவனம் தாக்கல் செய்யவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடும் வழக்குச் செலவுக்கு 25,000 ரூபாயும் தரச் சொன்னது. ஆறேழு மாதத்தில் முடிந்த வழக்கு.

ஆகவே அடுத்த முறை இருக்கை அசுத்தமாக இருந்தால், முகம் சுளித்துவிட்டுத் துண்டை விரித்து உட்கார வேண்டாம். உட்காரும் முன்பே கைப்பேசியில் படம் எடுங்கள். பணியாளரை அழைத்து மாற்று இருக்கை கேளுங்கள். புகாரை எழுத்தில் பதியச் சொல்லுங்கள். இறங்கியதும் போர்டிங் பாஸைத் தூக்கி எறியாமல், அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. பதில் வரவில்லையென்றால் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விமானம் எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் வசிக்கும் ஊருக்கான ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். தேவாரத்துக்காரர் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை, தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். டிக்கெட் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் கிடையாது.